காலியாகத் திரும்பாத ஆம்புலன்ஸ்

வெறுங்கையோடு திரும்புவது என்னால் முடியாத காரியம். கடையில் கேட்ட சாமான் கிடைக்காவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டுதான் வருவேன். (எங்கள் வீட்டில் அடுப்பைவிடத் தீப்பெட்டி அதிகம்.) இது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த வியாதி. எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில், லாரி அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். மூட்டை ஏற்றிப் போகிற லாரி காலியாகத் திரும்பினால் வாடகையில் பாதி வீண். போன ஊரிலேயே எதையாவது பிடித்து ஏற்றி வர வேண்டும். அதற்கு ரிட்டன் லோடு என்று பெயர். அதைப் பிடிப்பதில் நான் சூரன் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். பாடாலூரில் இறங்கி உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ஊர். காலையில் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். உள்ளூர்க் கம்பவுண்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லடைப்பு மாதிரி தெரியுது. திருச்சிக்குக் கொண்டு போயிருங்க, லேட் பண்ணாதீங்க" என்றார்.

பெரம்பலூரில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஓர் ஆம்புலன்ஸ் வேன் வாங்கி விட்டிருந்தார்கள். தர்மத்துக்கு ஓடுகிற வண்டி என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ் பிடித்து ஓடினேன். சங்கத்தின் பொருளாளர் ஓர் அரிசி மண்டிக்காரர். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ரசீது போட்டார். தொகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தர்ம வண்டின்னு சொன்னாங்களே?"

"வண்டி தர்மந்தாங்க. டீசல் தர்மம் இல்லீங்களே."

ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மறுபடி ஷெட்டுக்கு வந்து நிற்கும்வரை கிலோமீட்டர் கணக்கு என்றார். டிரைவர் பேட்டா தனி.

"திரும்புறப்ப நோயாளியே இருக்க மாட்டாரே. அதுக்கும் நாங்களா கட்டணும்?"

"பின்ன வண்டி அங்கயே குடியிருக்குமா தம்பி?"

பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினேன். காலியாக வரும் வண்டிக்கு வாடகை. லாரி ஆபீஸ்காரனிடமே. என் தன்மானம் அங்கேயே அடிபட்டுவிட்டது.

வேன் ஊருக்குள் போய் நின்றது. மாமாவை ஏற்றியதும் மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சின்ன வெங்காயம் விற்ற பணம். "எதுக்கு மாப்ள இவ்ளோ கேக்குறாங்க?" என்றார்.

"போறதுக்கும் வர்றதுக்கும் சேர்த்து அத்தை."

"வர்றதுக்கும் சேத்தா?"

"ஆமா."

"அப்ப சரி." மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்துவிட்டார். நான் விளக்கிய விதத்தில்தான் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். மாடு கன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அத்தை ஊரிலேயே தங்கினார். என் மனைவி அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்சீட்டில், ஏதோ நானே வண்டியை வடிவமைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

திருச்சியில் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் வலி அடங்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, சில நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். இதற்குள் தகவல் தெரிந்து, உறையூரில் இருந்த அத்தையின் தங்கை தன் பெண்கள், ஓரகத்திகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூக்குவாளியில் இட்லியோடு வந்துவிட்டார். மாமா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த நேரத்தில் நான் கிளம்பி, ஊருக்கு வந்து, அத்தையிடம் நல்ல சேதியைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

"அக்கா பாவம், தனியா கெடந்து தவிக்கும். நாங்க போயி துணைக்கு இருக்கோம். பஸ்ஸு எப்ப இருக்கு?" என்றார் சின்னத்தை.

வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. காலியாக. வாடகை கட்டிய வேன். எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான்.

"பஸ் எதுக்கு? நம்ம வண்டி இருக்குல்ல."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "இதுல ஆளுங்கள ஏத்துறது இல்லீங்க சார்."

நான் ரசீதை எடுத்துக் காட்டினேன். ஷெட் போய்ச் சேரும்வரை இது எங்கள் வண்டி என்று வாதாடினேன். பாடாலூர் வழியில்தானே இருக்கிறது என்றேன். காபி வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் ஏற்றிக்கொண்டார். என் மனைவி அப்பாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். ஸ்ட்ரெச்சர் மேலே சிலர், கீழே சிலர், பலகையில் சிலர். இவ்வளவு திருத்தமான ரிட்டன் லோடு நான் ஆலையில்கூடப் பிடித்ததில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்கு வேனில் போனவர் பிழைத்தால் பஸ்ஸில் வருவார். பிழைக்காவிட்டால்தான் வேனில் வருவார். குணமான மனுஷனுக்கு யார் வேன் வைப்பார்கள்? இது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு ரசீது மட்டும்தான் தெரிந்தது.

சின்னத்தைக்கு வண்டியில் போனால் குமட்டும். வழி நெடுக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தபடி வந்தார். மற்றவர்களுக்குக் காற்றில் தலைமுடி அவிழ்ந்துவிட்டது. ரோட்டில் ஆடுகள் நின்றதால் டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். இந்தக் கோலத்தில் வண்டி ஊருக்குள் நுழைந்தது.

களத்தில் நின்ற ஒரு பெண் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மாமனார் வீட்டுத் தெருவுக்கு நாங்கள் திரும்புவதற்குள் அங்கே அழுகுரல் எழுந்துவிட்டது. ஜன்னல் வழியாக அதைக் கேட்ட சின்னத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"மாப்ள, அக்கா வூட்டுலதான் அழுவுறாங்க. ஐயோ, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மச்சானுக்கு இப்பிடின்னதும் நெஞ்சு தாங்கல போலருக்கே."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாமா இட்லி சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படியானால் போனது யார்? அத்தைதான். கதவைத் திறப்பதற்குள் எங்கள் வண்டியிலும் ஒப்பாரி தொடங்கிவிட்டது. நான் இறங்கித் துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேன். "மாப்ளயே அழுவுறாரு" என்று ஒருவர் சொல்ல, அதுவரை சந்தேகமாக நின்றிருந்த ஆண்களும் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். மூங்கில் வெட்ட ஒருவர் கிளம்பினார். அரியலூர்ப் பக்கத்து உறவுக்காரர்களுக்குத் தந்தி கொடுக்க ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

அழுகிற இடத்தில் யார் செத்தது என்று கேட்பது மரியாதை இல்லை. அதனால் ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். சின்னத்தை கண்ணை மூடியபடி போய் அந்த வட்டத்துக்குள் விழுந்தார். "என்னப் பெத்த அக்கா, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

அவர் கட்டிப் பிடித்திருந்த கழுத்து வேறு ஒன்றைச் சொல்லி அழுதது.

"வர்ற வழிக்கும் சேத்துல்ல
வாடக கட்டி அனுப்புனேன்,
வாய் பேசி வருவீகன்னு
வாசப் பாத்து நின்னேனே."

சின்னத்தை கண்ணைத் திறந்து பார்த்தார். "அக்கா? நீ இருக்கியா?"

"நான் இல்லாம? அவரு எங்கடி?"

"மச்சானா? இட்லி தின்னுட்டுப் படுத்துருக்காரு."

வட்டத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை விட்டார்கள். டிரைவர் என்னிடம், "சார், நான் ஷெட்டுக்குப் போவணும்" என்றார்.

இதுவரை சிரிப்பு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் அவசரத்தில் அத்தையின் தலையிலிருந்த பூவைப் பிடுங்கிப் போட்டிருந்தார். அத்தை எழுந்தார். மண்ணில் கிடந்த அந்தப் பூவை எடுத்து, உதறி, யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி வைத்துக்கொண்டார். சில கிலோமீட்டர் வாடகை வீணாகக் கூடாது என்று நான் போட்ட கணக்கில், அந்த அம்மாள் அரைமணி நேரம் புருஷன் இல்லாதவராக உட்கார்ந்திருந்தார். காலில் விழப் போனேன். "போங்க மாப்ள, போயி மொகத்தக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த கூட்டத்துக்கு உலை வைக்கப் போனார்.

மறுநாள் காலையில் நான் பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் நின்று, மாலையோடு இறங்கிய ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஆண்டிமடத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "அப்ப இந்த மாலைய என்ன பண்றது?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கே போட்டுவிடலாமா என்று யோசித்த பார்வை அது.

மாமா பிடிவாதமாக பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார். அன்று முதல் அவருக்கு ஒரே வேலை. வீடு வீடாகப் போய், "என்னயப் பத்தி என்ன சொல்லி அழுத?" என்று கேட்டார். ஒருத்தி, பத்துக் காணி நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று பாடியதாகச் சொன்னாள். மூன்றுதானே இருக்கிறது என்று திருத்தினார். எல்லாரிடமும் கேட்டுவிட்டார், பெண்டாட்டியிடம் மட்டும் பதில் கிடைக்கவில்லை.

"நெசமாப் போறப்ப பாடுறேன். அப்பக் கேட்டுக்குங்க" என்றார் அத்தை. என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்களும் சொல்லிராதீங்க மாப்ள" என்றார். சொல்லவில்லை.

எனக்குக் குடும்பத்தில் ரிட்டன் லோடு என்று பெயர் நிலைத்துவிட்டது. என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மாமாவுக்கு அந்தப் பாட்டைக் கேட்கும் வாய்ப்பு வரவில்லை. அத்தை முந்திக்கொண்டார். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "இப்பவாச்சும் சொல்லுங்க மாப்ள, என்ன சொல்லி அழுதா?" என்றார். சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டார்.

இப்போது அவருக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் வேன் கதையை அவரே சொல்லி, அந்தப் பாட்டையும் இழுத்துப் பாடிக் காட்டுகிறார். போன பொங்கலுக்குக் கேட்டபோது அதில் பன்னிரண்டு வரி இருந்தது. அத்தை பாடியது நான்கு வரிதான். நான் திருத்துவதில்லை.