மச்சான் காரில் விழுந்த கீறல்

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கரடி இருந்தது. அதற்குக் கார் கிடையாது. அதன் மச்சான் வீரபாகுவுக்கு இருந்தது. செக்கச்செவேலென்று, எதிரே நிற்பவர் தலை சீவிக்கொள்ளலாம் என்பது போன்ற பளபளப்பு.

பக்கத்துக் காட்டில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டுமென்று மாசிலாமணி கார் கேட்டது. வீரபாகு வெகுநேரம் யோசித்துவிட்டுச் சாவியை நீட்டியது.

"மாப்பிள்ளை, என் தங்கச்சியவே உங்களுக்குக் கட்டிக் குடுத்தேன். அது வேற, கார் வேற. ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நமக்குள்ள உறவே கிடையாது."

இது வெறும் மிரட்டல் இல்லை. கதவில் வளையல் உரசிவிட்டது என்பதற்காகச் சொந்தச் சித்தியோடு பேச்சை நிறுத்திய கரடி அது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. திரும்பும்போது குறுகலான பாதையில் பட்டுசாமி என்ற முள்ளம்பன்றி எதிரே வந்தது. மரியாதை தெரிந்த பிராணி. வண்டிக்கு வழிவிட வேண்டுமே என்று ஓரமாக ஒதுங்கி, முதுகைத் திருப்பி நின்றது. முள் பின்கதவில் பட்டுக் 'கிரீச்' என்றது.

"ஐயோ அண்ணே! தப்பு என்னுதுதான். உங்க மச்சான்கிட்ட நானே வந்து சொல்லிடறேன்."

"நீ வாயத் திறக்காம வீட்டுக்குப் போ, அது போதும்" என்றது மாசிலாமணி.

வீட்டு வாசலில் இறங்கியதும் அதன் மனைவி தில்லை கீறலைத் தடவிப் பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

"பொறந்த வீடுன்னு எனக்கு இருக்கிறது எங்க அண்ணன் ஒருத்தர்தாங்க. அதுவும் போச்சா?"

"அழாத தில்லை. செல்போன்ல வழி இல்லாமயா போயிடும்?"

இருந்தது. செல்போனில் ஒரு குரங்கு சிரித்த முகமாகப் பேசியது: "வணக்கம் நண்பர்களே! கார் கீறலை வீட்லயே ஈஸியா எடுத்துடலாம். முதல்ல கீறல் மேல நகத்தை வச்சு ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டலைன்னா ஆழமில்லை, கவலைப்படாதீங்க."

மாசிலாமணி நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தது. கரடி நகம். இப்போது இரண்டு கீறல் இருந்தது. புதியது நிஜமாகவே ஆழம்.

அடுத்து டூத்பேஸ்ட் தேய்க்கச் சொன்னது குரங்கு. தேய்த்தது. கீறல்கள் அப்படியே இருந்தன. கார் மட்டும் அப்போதுதான் பல் விளக்கியதுபோல் கமகமவென்று மணந்தது.

"இப்ப உப்புத்தாள் நண்பர்களே! ரொம்ப நைஸான தாளா எடுத்து, தண்ணியில நனைச்சு, பட்டும் படாம தேய்க்கணும்."

வீட்டில் இருந்ததோ வாசற்கதவுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய முரட்டுத் தாள். மாசிலாமணிக்குப் பட்டும் படாமல் எந்த வேலையும் வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தது.

"போயிடுச்சு தில்லை!" என்று குதித்தது.

"சிவப்பும் போயிடுச்சுங்க" என்றது தில்லை.

கதவின் நடுவில் தோசை அளவுக்குச் சாம்பல் வட்டம். அதை மறைக்க அந்தக் கதவு முழுவதையும் தேய்த்தது. ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரிந்ததால் மற்றக் கதவுகளையும் தேய்த்தது. பிறகு பானெட் பாக்கி என்று தோன்றியது. தில்லை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூரை மேல் ஏறியது. பொழுது சாயும் நேரத்தில் பாலிஷ் போட்டு, மெத்தென்ற துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து முடித்தபோது, கார் புது அலுமினியக் குண்டான் மாதிரி நின்றது.

வீரபாகு வந்தது. தில்லை சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

வீரபாகு குனிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு கதவாகப் பார்த்தது. கன்னத்தை வைத்து உரசியும் பார்த்தது. நிமிர்ந்து மாசிலாமணியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"மாப்பிள்ளை, ஒரு கீறல்கூட இல்ல!"

"கலருதான் அண்ணே..." என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"கலரு வெயில்ல போகும்மா. வெயிலோட சண்டை போட முடியுமா?"

அந்த நேரம் பார்த்துப் பட்டுசாமி வந்து சேர்ந்தது. மனசாட்சி அதை வீட்டில் இருக்கவிடவில்லை. "ஐயா, மன்னிச்சிடுங்க. கார்ல கீறினது நான்தான்."

"எந்தக் கீறல்? காட்டு."

பட்டுசாமி காரைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியது. கிடைக்கவில்லை. மாசிலாமணியைப் பார்த்தது. மாசிலாமணி வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணுபோல வச்சிருக்கிற வண்டி மேல அபாண்டமா பழி போடறியா?" என்று வீரபாகு சீறியது. "இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

பட்டுசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. வீரபாகு மாசிலாமணியின் தோளில் கைபோட்டது. "மாப்பிள்ளை, இனி நான் வெளியூர் போனா வண்டி உங்க பொறுப்பிலதான் நிக்கும்."

நீதி: கீறலை நீக்க முடியாதவர்கள், கீறல் விழுந்த இடத்தையே நீக்கிவிட வேண்டும். அதன்பின் உண்மையைச் சொல்ல வருகிறவர்தான் குற்றவாளி.