கல்யாணப் பந்தியில் ஓட்டிய ஆப்பரேட்டிங் சிஸ்டம்

சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பாதியில் எழுப்பியவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் செய்தது சுத்தமான கம்ப்யூட்டர் சயின்ஸ்.

அக்காவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் எலவனாசூர்கோட்டையிலிருந்து முதல் நாளே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் சனம் தியாகதுருகத்திலிருந்து சைக்கிளிலும் நடந்தும் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: சமையல் ஆட்களும் அண்டா குண்டாவும் ஏறிய வண்டி. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டதில் அது உளுந்தூர்பேட்டையிலேயே நின்றுவிட்டது. முன்னதாக வந்திருந்த சமையல்காரர் ஒருவர், ஓர் அடுப்பு, வீட்டுச் சமையலுக்குப் போதுமான நாலு பாத்திரம். இதை வைத்துக்கொண்டு ஊருக்கே சோறு போட வேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி உட்கார்ந்தது. சாம்பார் வந்தது. அதோடு சரி. அடுப்பில் ரசம் கொதிக்கும்வரை அத்தனை பேரும் இலையில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் பசியில் பல்லைக் கடிக்கிறார்கள்.

அப்பா கையைப் பிசைந்தார். பிறகு என்னைப் பார்த்தார். (அங்கேதான் பிடித்தது சனி.)

"மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிச்சிக்கினு வந்துக்கிறியே, எதுனா பண்ணேன்டா!"

பண்ணினேன். எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாணவர்களோ கும்பல். அதன் பிராசஸர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஆனாலும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்கிற மேஸ்திரி எல்லாருக்கும் முறை வைத்து ஓட்டிவிடும். மெமரியில் இடம் பத்தவில்லையா? எதற்காகவோ காத்துக்கொண்டு சும்மா கிடக்கும் புரோகிராமைத் தூக்கி டிஸ்கில் ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொன்றை ஏற்றும். முறை வந்ததும் பழையது விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே சமையல்காரர் பிராசஸர். பந்தி வரிசை மெமரி. அப்படியென்றால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருப்பவரை என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்!

"இலையோட எழுந்து செவுத்தோரமா நில்லுங்க. ரசம் வந்ததும் கூப்பிடறேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். எங்கள் சனம் ஏதோ மெட்ராஸ் வழக்கம் போலிருக்கிறது என்று எழுந்தது. அடுத்த இலை மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. (எந்தெந்த புரோகிராமைத் தொடக் கூடாது என்று தனியாக ஒரு பாடம் உண்டு. அது நடந்த அன்று நான் சினிமாவுக்குப் போயிருந்தேன்.)

"இன்னாது?" என்றார்.

"ரெண்டே நிமிஷங்க."

"சோத்துல கை வெச்சவனை எழுந்துருன்றான்டா! வெளிய பங்கு கேட்டு ஊரே ரோட்டுல உக்காந்துக்கினு இருக்குது, உள்ள வந்தா நீ என் பங்கைப் புடுங்கறியா?"

"புடுங்கலீங்க, தள்ளி வெக்கிறேன்" என்று விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "பொண்ணை உங்க வூட்டுலயே வெச்சுக்கோங்க!" என்று மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏறினார். மொத்த சனமும் பின்னாலேயே ஏறியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அழவில்லை, என்னைத்தான் பார்த்தாள். ஒரு கரண்டி ரசத்துக்காக இவள் வாழ்க்கையைத் தொலைத்துவிட்டேனா?

ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே மறியல்காரர்கள் வெட்டிப் போட்ட புளியமரம் ஒன்று கிடந்தது. வேன் எங்கே போகும்? போன வேகம் எல்லாம் இறங்கித் திரும்பி வந்தது. தாய்மாமன் யார் முகத்தையும் பார்க்காமல் நுழைந்தார். பசி.

அக்கா முகூர்த்தப் புடவையோடு வந்து நடு வரிசையில் அவருக்குப் புது இலை போட்டாள். "உக்காருங்க பெரியப்பா. உங்களை யாரும் எழுப்ப மாட்டாங்க" என்று அவளே பரிமாறினாள். அவர் ரசத்தை வாங்கி வாங்கிக் குடித்தார். பிறகு அவள் என் கையில் ஒரு வெறும் இலையைக் கொடுத்துச் சுவரைக் காட்டினாள்.

"நீ போயி அங்க நில்லு. கூப்பிடறேன்."

கடைசிப் பந்தி முடிந்து சமையல்காரர் பாத்திரம் கழுவும்வரை நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.

அக்காவின் வாழ்க்கையைக் காப்பாற்றியது புளியமரமாம், கெடுக்கப் பார்த்தது நானாம். இதுதான் இன்றுவரை எங்கள் குடும்பத்துத் தீர்ப்பு. என்ன அநியாயம் இது! இவர்கள் எல்லார் கையிலும் இன்றைக்கு இருக்கும் செல்போன் நாள் முழுக்கச் செய்வது இதைத்தானே? அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள்.

போன மாசம் அக்கா பேத்திக்குக் காது குத்தினார்கள். அந்தத் தாய்மாமனுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, காதும் கேட்பதில்லை. நான் பந்திப் பக்கம் வருவது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. இடது கையால் இலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரசம் ஊத்திட்டாங்கடா" என்றார்.