பொய்யானைக்கு நீந்தத் தெரியுமா?

ஒரு காட்டில் ஒரே ஒரு யானை இருந்தது. யானை வேண்டும் என்று கேட்டவர்களோ ஏராளம். ஆகவே தாண்டவம் என்கிற நரி ஓர் ஏற்பாடு செய்தது. வாழைமட்டையால் ஆளுக்கொரு பொய்யானை கட்டிக் கொடுத்தது. அதன் காதில் வேலையைச் சொன்னால், அதில் கட்டிய கொடி வழியே சேதி மெய்யானைக்குப் போகும். அது எங்கோ நின்று மூச்சுப் பிடித்துத் தள்ள, இங்கே மரம் சாயும். தங்களிடம் சொந்த யானை இருப்பதாகவே எல்லோரும் நம்பினார்கள்.

கரடி பொன்னுரங்கம் அதற்கும் ஒரு படி மேலே போனது. தனக்குக் கிடைத்த பொய்யானையின் வயிற்றிலிருந்து கொடி இழுத்து, அதில் சின்னப் பொய்யானைகளைக் கட்டி, ஏழை எளியவர்களுக்கு வழங்கியது.

மெய்யானையின் எந்தத் திறமை எந்தப் பொய்யானை வரை வந்து சேர்கிறது என்று கண்காணிப்பது அருணகிரி என்கிற எறும்புதின்னி அழுங்கின் வேலை. மரம் தள்ளுவது எல்லாவற்றுக்கும் வந்தது. பிளிறல் சின்னப் பொய்யானையில் இருமலாக வந்தது. தண்ணீர் பீய்ச்சுவதும் வந்தது. ஆனால் வால் வழியாக.

விசாரிக்கும் முறை எளிது. பொய்யானையின் காதில் கேட்க வேண்டும். அந்தத் திறமை இல்லையென்றால் அது தலையை ஆட்டும். பேசாமல் நின்றால் உண்டு என்று கொள்ள வேண்டும். மௌனம் சம்மதம் என்பது அந்தக் காட்டின் சட்டம்.

‘சம்மதமா, கேள்வி புரியாத முழிப்பா?’ என்று அருணகிரி அடிக்கடி தன்னையே கேட்டுக்கொள்ளும். பதில் வராது. அதையும் சம்மதமாகக் கொள்வதா என்று தெரியாமல் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் ஆற்றில் வெள்ளம். செங்கமலம் என்கிற மான் தன் சின்னப் பொய்யானையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது.

“ஐயா, என் குட்டி அக்கரையில மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இது மேல உக்காந்து போகலாமா? இதுக்கு நீந்தத் தெரியுமா?”

அருணகிரி அந்தப் பொய்யானையின் காதில் கேட்டது. யானை பேசவில்லை. கரடியின் யானையிடம் போய்க் கேட்டது. அதுவும் பேசவில்லை.

“பாத்தியா? உண்டுன்னு சொல்லி அனுப்பு,” என்றது கரடி.

“அண்ணே, மெய்யானையே போன மழைக்குத்தான் நீச்சல் கத்துக்கிச்சு. உங்க யானையைக் கட்டினது அதுக்கும் முந்தி. நீச்சல்ங்கிற பேச்சையே இது கேட்டிருக்காதே?”

“கேள்விப்படாத விஷயத்தை எப்படிப்பா இல்லைன்னு சொல்லும்? உண்டுன்னு போடு.”

மனம் ஒப்பவில்லை. அருணகிரி மெய்யானையிடமே ஓடியது.

“ஐயா, உங்க நீச்சல் கரடியோட யானைக்குள்ள இருக்கிற யானை வரைக்கும் போகுமா?”

“யானைக்குள்ள யானையா?” மெய்யானை பதறிப்போய்த் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. “எனக்குள்ளயும் எதுவும் இருக்கா?”

அருணகிரி திரும்பி வந்தது. “தெரியாது தாயி.”

“தெரியாதுன்னா? யானைக்கு நீந்தத் தெரியாதா, உங்களுக்கு விஷயம் தெரியாதா?”

அருணகிரி யோசித்தது. “அதுவும் தெரியாது.”

“நல்லா விசாரிச்சீங்க போங்க! இதை அப்பவே சொல்லியிருந்தா இந்நேரம் பாதி ஆத்தைத் தாண்டியிருப்பேன்.”

மான் ஆற்றில் குதித்தது. காலில் சிக்கிய கொடியோடு பொய்யானையும் கூடவே விழுந்தது. விழுந்த வேகத்தில் ஊறிப்போய்க் கழுத்து வரை அமிழ்ந்தது. செங்கமலம் அந்தப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, நாலு காலாலும் தண்ணீரை உதைத்து, நுரை தள்ள அக்கரை சேர்ந்தது. குட்டி ஓடி வந்து அதன் முகத்தை நக்கியது.

இக்கரையில் ஒரே ஆரவாரம். “யானை நீந்திருச்சு! மானைக் கரை சேத்துருச்சு!”

“இல்லை,” என்றது அருணகிரி. “மான்தான் நீந்துச்சு. யானையையும் அதுதான் இழுத்துக்கிட்டுப் போச்சு.”

நரி அதன் தோளில் கை போட்டது. “ஏன்யா அருணகிரி, மான் யானையைச் சுமக்குமா, யானை மானைச் சுமக்குமா? சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே.”

அருணகிரிக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரித்தாயிற்று. கிடைத்தது மௌனம்தான். மௌனத்துக்கோ சட்டம் இருக்கிறது.

“சின்னப் பொய்யானை. நீச்சல் உண்டு,” என்று அருணகிரி காடறியக் கூவியது.

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் முயல்கள் தத்தம் பொய்யானைகளோடு வரிசையில் நின்றன. அருணகிரி முதல் முயலிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டது: “தம்பி, உனக்கு நீந்தத் தெரியுமா?”

“எனக்கு எதுக்குங்க?” என்றது முயல். “அதான் யானை இருக்கே!”

நீதி: நீந்தத் தெரிந்தவர்கள் பொய்யானையை நம்பித் தாராளமாக ஆற்றில் இறங்கலாம்.