நாற்பத்திமூன்றாம் அளவுச் சப்பாத்து

எசன், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலாம்பிகை அக்காவுக்கு,

ரொறன்ரோக் குளிரில் உங்களையும் அத்தானையும் நம்முடைய கடவுள்கள் எல்லாரும், போன வியாழன் எனக்கு அறிமுகமான ஒரு சீனக் கடவுளும், சுகமாக வைத்திருக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் நடுவில் அழத் தொடங்குவீர்கள். அதனால் எழுதுகிறேன். நீங்கள் எனக்குப் பார்த்த ஸ்ரீதரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேலைப் பயிற்சிக்காக நான் கார்ல்ஸ்ரூஹே போகிறேன் என்றதும், அவருடைய கண்ணாடிக் கடையும் அங்கேதான் என்று, மூன்று மணிக்கு நகரப் பூங்காவில் சந்திப்பை ஒழுங்குசெய்தது நீங்கள்தானே. ரயிலிலேயே மறுப்புரையைத் தயாரித்துவிட்டேன். 'நாற்பத்தாறு வயதில் எனக்குத் தனிமை பழகிவிட்டது' என்று தொடங்கும். மூன்றாம் தடவை சொல்லிப் பார்த்தபோது எதிரே இருந்த ஜெர்மன்காரி எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

பூங்காவுக்குப் போகும் வழியில், சிவப்புக் காகித விளக்குகள் தொங்கும் ஒரு சின்னத் தாவோயிசக் கோயில். கோயில் என்றால் நம்முடைய கால் சும்மா இருக்குமா? வாசலில் சப்பாத்தைக் கழற்றி, அங்கே கிடந்த பெட்டி ஒன்றின் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன். ஊதுபத்திச் சாம்பலைக் கண்டதும் கை தானாகப் போய் நெற்றியில் மூன்று குறி இழுத்துவிட்டது, அங்கிருந்த தைவான் அம்மா வாயைப் பிளந்து பார்த்தா, பிறகு பாவம் பார்த்தோ என்னவோ அரைநிலா வடிவ மரத்துண்டு இரண்டைத் தந்து, கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே போடு, தட்டைப்பக்கம் ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் சம்மதம், இரண்டும் கீழே என்றால் மறுப்பு, இரண்டும் மேலே என்றால் கடவுள் சிரிக்கிறார் என்றா. நம்முடைய பூக்கட்டிப் பார்க்கிறதுதானே என்று துணிந்து, "வேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டேன். சிரித்தார். கடவுளுக்குத் தமிழ் விளங்கவில்லையாக்கும் என்று ஜெர்மனில் கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

வெளியே வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. பெட்டியில், 'விரும்பியவர்கள் எடுத்துச் செல்லலாம்' என்று எழுதியிருந்தது. அக்கா, இந்த நாட்டில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். அப்படி எத்தனை பெட்டியில் நானே பூச்சாடி எடுத்திருக்கிறேன்!

காலுறையோடும் சாம்பலோடும் பூங்காவுக்குப் போனேன். வாத்துக் குளத்தடி மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஸ்ரீதரன் என் நெற்றியைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போட்டு வாறியளோ?"

"ஓம்."

"சப்பாத்துக் காணாமப் போச்சுதோ?"

"ஓம்."

"எனக்குத் தேர்த் திருவிழாவில மூண்டு தரம் போனது. இருங்கோ, வாறன்."

காரிலிருந்து தன்னுடைய பூப்பந்துச் சப்பாத்தைக் கொண்டுவந்தார். நாற்பத்திமூன்றாம் அளவு. எனக்கு முப்பத்தேழு.

"நான் ஒரு விசயம் சொல்லவேணும்," என்றேன்.

"சொல்லுங்கோ. முதல்ல நாடாவைக் கட்டுங்கோ, விழுந்திடுவியள்."

கட்டிவிட்டு, மறுப்புரையை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன். "விளங்குது," என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ரயிலடி வரைக்கும் கூட வந்தார். நான் வாத்துப்போல நடந்தேன். அவர் சிரிக்கவில்லை, மெதுவாக நடந்தார். எசன் வரும்வரைக்கும் எனக்குக் கோபம். ஏன் என்று கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

ஆகவே இந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது. உங்களோடு சம்பந்தம் பேசிய அவருடைய தமக்கையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், உங்கள் மகள் சாரங்காவுக்கு என் முத்தம்.

என்றும் உங்கள் சொல் கேளாத தங்கை,
மல்லிகா

பி.கு.: தமக்கையிடம் இன்னும் ஒன்றும் சொல்லாதேங்கோ. அந்தச் சப்பாத்து இங்கே வாசலில் இருக்கிறது. கழுவிக் காயவைத்துப் புது நாடாவும் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு அதே வாங்கடிக்குக் கொண்டுவாறன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். பார்சலில் போட்டால் போதும் என்றார். போடலாம்தான். ஆனால் பார்சலில் போட்டால் சப்பாத்து மட்டும்தானே போகும்?