முன்னால் திறந்தவர்களும் பின்னால் திறந்தவர்களும்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு ஷக்கி அண்ணாச்சி என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினார். அதுவரை செம்பூர், திலக் நகர் வட்டாரத்தில் அவர் சந்தேகிக்காத ஒரே மனித உயிர் நான்தான் என்பது எங்கள் கட்டடத்தில் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. குழாயில் வருவது நேற்று வந்த அதே தண்ணீர்தானா என்று முகர்ந்து பார்த்துவிட்டே குடத்தில் பிடிப்பவர் அவர். ஷக்கி என்றால் இந்தியில் சந்தேகப் பேர்வழி. பெயரைச் சூட்டியவர் யார் என்பதையும் அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனியாள். அவருக்கென்று இருந்தது ஒரு பழைய சிவப்புக் கார்: இரண்டே கதவு, இரண்டே இருக்கை. அதில் எஞ்சின் முன்னால் கிடையாது. இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னதாக, குறுக்குவாட்டில் பதுங்கியிருக்கும்; கியர்பெட்டி அதை ஒட்டி. வண்டியைத் தள்ளுவதும் பின்சக்கரங்கள்தாம். முன்மூடியைத் திறந்தால் ஸ்டெப்னி டயர் மட்டும் நம்மைப் பார்க்கும். முக்கியமான எதையும் முன்னால் வைக்காத அந்த அமைப்புக்காகவே அண்ணாச்சி அதை வாங்கியிருக்க வேண்டும். ஞாயிறுதோறும் கதவுகளை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு அதற்குள் செய்தித்தாள் படிப்பார். உலகத்தில் அவர் நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றே.

இரண்டு ஆண்டுகளாகக் கியர் விழாமல் கார் நின்றது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குள் அது தானாக ஓடி கேட்டைத் தாண்டித் திரும்பாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று சொசைட்டிச் செயலாளர் எழுதி ஒட்டிவிட்டார்.

அண்ணாச்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்பதைவிடத் தேர்வு வைத்தார் என்பதே பொருந்தும். சாவியைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல், கைகட்டி நிற்பார். அந்த ஒன்பதாம் தேதி காலை முதலில் வந்தவர் முன்மூடியைத் திறந்து, டயரைக் கண்டு, எஞ்சின் திருடுபோய்விட்டது என்று அறிவித்தார். நான் எங்கள் தரைத்தளத்து வீட்டு ஜன்னலிலிருந்து, பின்னால் பார்க்கும்படி சொன்னேன். அண்ணாச்சி மெல்லத் திரும்பினார்.

"ஒனக்கு எப்படிப் பிள்ள தெரியும்?"

"ஓடுன காலத்துல பூனை பின்மூடி மேலதான் குளிர்காயும், அண்ணாச்சி."

அன்று முதல் பூனையும் பட்டியலில் சேர்ந்தது.

இரண்டாமவர் நேராகப் பின்னால் போனார். அவருக்கும் விடைகொடுக்கப்பட்டது. "எஞ்சின் பின்னாலன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? முன்னாலயே வந்து பாத்திருக்கான்லா?" முன்னால் திறந்தவர் மூடர், பின்னால் திறந்தவர் திருடர் என்ற விதிப்படி சனிக்கிழமைக்குள் நான்கு பேர் திரும்பிப் போனார்கள்.

ஞாயிறு காலை எட்டரைக்குத் தாராவியிலிருந்து ஐந்தாமவர் வந்தார். சாவியை வாங்கினார், எதையும் திறக்கவில்லை.

"எஞ்சின் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லிருங்க, அண்ணாச்சி. எனக்கு இந்த வண்டி புதுசு."

இதற்கு அண்ணாச்சியிடம் விதி இல்லை. தாமே பின்மூடியைத் திறந்துவிட்டார்.

அரைமணி கழித்து மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தார். எஞ்சினில் குற்றமில்லை. கியர்த் தண்டு முன்னால் இருக்கிறது, கியர்பெட்டி பின்னால் இருக்கிறது. நடுவே போகும் நீளக் கேபிளைப் பெட்டியோடு மாட்டும் விரல்நீள ஆணியைக் காணோம். "தானா விழல. யாரோ பதனமா கழட்டியிருக்காங்க."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. இரண்டு ஆண்டுச் சந்தேகத்துக்கு ஒரு வழியாகச் சாட்சி கிடைத்துவிட்டது. அவர் பார்வை, கெடு முடிவதைப் பார்க்க வந்து நின்ற செயலாளர், வாட்ச்மேன், பூனை என்று நகர்ந்து என்மேல் நின்றது.

"எப்பவும் சன்னல்ல இருக்கது நீதான?"

விரல்நீளம் என்ற சொல்லில் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மேசை இழுப்பறையில் துணியால் தைத்த ஒரு பொட்டலம் கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்க் கோயில் கொடைக்குக் கிளம்பிய அண்ணாச்சி ஜன்னல் வழியாக நீட்டியது. தாமே வந்து கேட்டாலும் தம் கையில் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. உள்ளே என்ன என்று நான் கேட்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

எடுத்துக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி கையை நீட்டினார். நிபந்தனைப்படி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். தையலை அறுத்ததும் ஆணி விழுந்தது. திருடன் எஞ்சினைக் கிளப்பினாலும் கியர் விழக் கூடாதென்று கழற்றி ஒளித்தவர் அவரே. ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு, ஒளித்ததையே மறந்து திரும்பியவரும் அவரே. செயலாளர் சிரிப்பை அடக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கார் கேட்டைத் தாண்டியது. ஒரு சுற்று போய்வந்து பழைய இடத்தில் நின்றது. அண்ணாச்சி இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார்.

"நான் கை நீட்டுனேன்லா, ஏன் குடுக்கல?"

"நீங்கதான குடுக்கக் கூடாதுன்னீங்க?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார்.

அன்று மாலை என் ஜன்னல் விளிம்பில் புதுத் தையலோடு அதே பொட்டலம் இருந்தது. மறுநாள் காலை கல்லூரிக்குப் புறப்படும் முன், மேசை இழுப்பறையை முதன்முறையாகப் பூட்டினேன். கேட் வரை போனவள், திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.