ஒரு சொட்டும் வீணாகாத புல்வெளி

சில மனிதர்களுக்குத் தங்கள்மேல் சந்தேகமே வராது. உலகம் முன்னேறுவது அவர்களால்தான். நான் அந்த ரகம். ஆகவே எங்கள் புல்வெளிக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். என் கணவரை விட்டால் கூட்டிச் சொல்வார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கையகலத் தோட்டம் உண்டு. வருஷா வருஷம் தோட்டப் போட்டியும் உண்டு. என் கணவருக்கு அக்கவுண்ட்ஸில் வேலை, உயிர் மட்டும் புல்லில். ஒவ்வொரு முறையும் அவருக்கு இரண்டாம் பரிசாக ஒரு ஹாட்பேக் கிடைக்கும். (சப்பாத்திக்குப் பஞ்சம் வரலாம், எங்கள் வீட்டில் ஹாட்பேக்குக்கு வராது.) முதல் பரிசுக் கோப்பை பக்கத்து வீட்டுக் கொளஞ்சியக்காவுக்கு. அவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் குறைத்தார்கள். எங்கள் புல் கருகிவிட்டது. என் கணவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அடுத்த தடவ கப்பு நம்ம வூட்டுக்குத்தாங்க. தண்ணி விஷயத்த எங்கிட்ட வுடுங்க" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் இன்ஜினீயர். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாகப் பம்ப் வைத்து இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைப் பாடம் நடத்துவதே நான்தான். தண்ணீரைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

மேலே தெளித்தால் பாதி வெயிலுக்குப் போகிறது, மீதி ஆழத்துக்குப் போகிறது. இரண்டையும் அடைத்தேன். மண்ணைத் தோண்டி அடியில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, மண்ணைப் போட்டு மூடி, நர்சரியில் பாயாகச் சுருட்டித் தரும் புல்லைப் பரப்பினேன். குழாய்க்கு மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர். தார்ப்பாயின் ஓரங்களை நான்கு பக்கமும் மேலே மடித்துவிட்டேன், ஒரு சொட்டுகூடத் தப்பக் கூடாதே.

"அடியில தண்ணி போக வழி வேண்டாமா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"போகக் கூடாதுன்னுதாங்க இவ்ளோ வேலையும்."

போட்டி முடியும்வரை புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டேன். போட்டி நெருங்கும்போது புல் லேசாக மஞ்சளடித்தது. தாகம்தான், வேறென்ன? வால்வைக் கூடுதலாகத் திறந்தேன். மறுநாள் இன்னும் மஞ்சள். இன்னும் திறந்தேன்.

கொளஞ்சியக்கா வேலியோரம் வந்து நின்றார். "ஏம்மா, புல்லு மஞ்சளாயிகினே வருதே. மிதிச்சுப் பாத்தியா? மிதிச்ச புல்லு நிமிராம கெடந்தாதான் அதுக்குத் தாகம். நான் அன்னிக்கு மட்டுந்தான், வெயிலு வர்றதுக்கு முன்ன தண்ணி வுடுவன்."

எதிராளியின் யோசனையை எந்த முட்டாள் கேட்பான்? சிரித்து அனுப்பிவிட்டேன்.

போட்டி நாள் காலையில் புல்வெளி நடுவில் சற்று உப்பியிருந்தது. செழிப்பு என்று நினைத்தேன். என் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். நடுவராக வந்த பெரிய அதிகாரி, "அட, மெத்தை மாதிரி இருக்கே" என்று பாலிஷ் போட்ட ஷூவோடு அதன்மேல் ஏறினார்.

புல்வெளி ஆடியது. அலை ஒன்று கிளம்பிக் காம்பவுண்டுச் சுவர்வரை போய்த் திரும்பியது. அடுத்த அடியில் புல் கிழிந்து அவர் முழங்கால்வரை உள்ளே போனார். இழுத்ததில் கால் வந்தது, ஷூ வரவில்லை. என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"மைன்ஸ்ல, சார்."

"எந்த செக்ஷன்?"

என் கணவர் வானத்தைப் பார்த்தார். சொன்னேன். அதிகாரி ஷூ போன குழியை எட்டிப் பார்த்தார். பிறகு கவலையோடு, "அங்க பம்ப் எல்லாம் ஓடுதுல்ல?" என்றார்.

கோப்பை வழக்கம்போல் பக்கத்து வீட்டுக்குப் போனது. எங்களுக்கு ஹாட்பேக்கூட இல்லை. அன்று சாயங்காலம் என் கணவர் படியில் உட்கார்ந்து சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்துவிட்டேன். கிட்டப் போனால், மனுஷர் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது தார்ப்பாய் இல்லை. புல்லைக் கொஞ்சம் உயரமாகவே விடுகிறோம், மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர். முன்பு விட்டதில் பாதிகூடச் செலவாவதில்லை. (குழாய் யோசனையில் தப்பே இல்லை. தார்ப்பாய்தான் காலை வாரியது. இதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.)

ஆனால் வீட்டில் நான் எதையாவது "எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தால் போதும், மகள் ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்துவிடுவாள். போன தீபாவளிக்கு மிக்ஸி மக்கர் செய்தது. நான் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். குடும்பத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத மருமகன், கையைக் கட்டிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"அத்தை, நீங்க எந்த செக்ஷன்?"