பன்னீர்ப்புலி

சேக் பரீத் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கியிருந்தார். இடப்பக்கம் குண்டு, வலப்பக்கம் குண்டு. அவருடைய துப்பாக்கியோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்க எந்தப் பொத்தான் என்று தேடி ஒன்றை அழுத்தினார். பதுங்கியிருந்த வீரன் எழுந்து வெளியே வந்து, எதிரிகள் முன்னால் இடுப்பை ஆட்டி ஒரு நடனம் ஆடினான்.

டிவித் திரை சிவந்தது. மூன்று நிமிடத்தில் ஏழாவது மரணம்.

"சத்தத்தக் குறைங்க. ரெஹானா மாடியில பரிச்சைக்குப் படிக்கிறா" என்றாள் ரம்லத், அடுப்படியிலிருந்து.

மகளுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய கவலையும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். முதல் தப்பு அதுதான்.

கம்பத்தில் பழக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஐம்பத்தாறு வயது மனிதர் திங்கட்கிழமை சாயங்காலம் துப்பாக்கி விளையாட்டில் இறங்கக் காரணம், ஒரு மாப்பிள்ளை.

காமயகவுண்டன்பட்டி அல்தாபுக்கு ரெஹானாவைக் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து முடிவு கேட்க வருகிறார்கள். சேக் பரீத் டீக்கடையில் விசாரித்தார், பள்ளிவாசலில் விசாரித்தார், அல்தாப் முடிவெட்டும் சலூனில்கூட விசாரித்துவிட்டார். எல்லாரும் தங்கமான பையன் என்றார்கள். அதுதான் அவருக்கு உறுத்தியது. மேலே அடுக்கிய குலையை நம்பாமல், பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தே முப்பது வருடம் திராட்சை வாங்கியவர் அவர்.

அடியில் கைவிட வழி சொன்னவன் பேச்சிமுத்து. மண்டிக்குப் பழம் போடும் விவசாயி. அல்தாப் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன்.

"அந்த வீட்டுல அந்தியானா டிவியில ஒரே துப்பாக்கிச் சத்தம் பாய். சன்னல் வழியாப் பாத்தேன். பன்னீர்ப்புலின்னு ஒரு பேரு ஓடுது."

அது மாப்பிள்ளைதான் என்று சேக் பரீத் பிடித்துக்கொண்டார். முகம் தெரியாத இடத்தில் ஒருத்தன் எப்படி நடந்துகொள்கிறானோ அதுதான் அவன். மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன வீடியோ கேம் பெட்டி டிவிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டும் இலவசம். இலவசமாகத் தருகிறான் என்றால் அடியில் அழுகல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறக்கினார். 'அநாமதேயன்' என்று பெயர் வைத்தார். பயிற்சி மைதானத்தில் ஒரு குட்டிச்சுவரைத் தாண்ட ஒரு மணி நேரம் பிடித்தது. முன்பின் தெரியாதவர்களைச் சுட மனம் வராமல், அணியில் வைத்தியர் வேலையைத் தேர்ந்தெடுத்தார். பன்னீர்ப்புலியைத் தேடி நட்பு அழைப்பு அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது; புலியின் அணியிலும் இடம் கிடைத்தது.

"மாப்பிள்ளைய விடுங்க" என்றாள் ரம்லத், கரண்டியோடு ஹாலுக்கு வந்து. "நிக்காஹ் முடிஞ்ச கையோட அவரு துபாய்க்குப் போயிருவாரு. நம்ம புள்ள குப்ப கொட்டப்போறது மாமியாக்காரிகூட. அந்தம்மா எப்படின்னு விசாரிச்சீகளா?"

"யாரு, ரஃபியாவா? அது வாயில்லாப் பூச்சி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ரெண்டு வார்த்த பேசுச்சா? அதுல என்னத்த விசாரிக்க."

எட்டாவது மரணம்.

ஆனால் இந்த முறை திரை சிவந்து முடியவில்லை. தலையில் புலி முகமூடி போட்ட ஒரு வீரன் குண்டுமழைக்குள் ஓடிவந்து, மண்டியிட்டு, சேக் பரீத்தைத் தூக்கி நிறுத்தினான். திரையின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது.

'பயப்படாதீக. என் பின்னாடியே வாங்க.'

அதற்குப் பிறகு அன்று பதினொரு தடவை விழுந்தார். பதினொரு தடவையும் புலி தூக்கியது. வைத்தியரை நோயாளி தூக்கும் அணி அது ஒன்றுதான். அணியில் ஒருவன், இந்த ஆளைக் கழற்றிவிடலாம் என்று எழுதினான். புலி உடனே பதில் போட்டது: 'அவுக இல்லாட்டி நானும் இல்ல.' மஃரிப் பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கும்போது, 'தொழுகைக்கு நேரமாச்சு' என்று எழுதிவிட்டு மறைந்தது.

புதன்கிழமைக்குள் சேக் பரீத் உருகிவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை.

"இவ்வளவு நல்ல பையன்கிட்டப் போயி, அனுமந்தன்பட்டித் தோட்டம் மூணு ஏக்கர்னு சொல்லி வச்சிருக்கோமே" என்றாள் ரம்லத். "ரெண்டேகால்தான்னு தெரிஞ்சா?"

"நிக்காஹ் முடியட்டும். பெறகு வந்து அளந்துக்கிறட்டும்."

வியாழக்கிழமை ரம்லத் வெங்காயத் தட்டோடு சோபாவில் உட்கார்ந்தாள். அங்கே கிடந்த ரிமோட்டின் மேல் உட்கார்ந்தாள். நான்கு நாளாக ஊமையாகக் கிடந்த டிவி அலறியது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல்.

"பெருசு, இப்பவாச்சும் கேக்குதா? நாலு நாளா உங்க மைக்கு தொறந்தே கெடக்கு."

சேக் பரீத் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "யாருப்பா நீ?"

"உங்க டீம்தான். ஒச்சாண்டி, உசிலம்பட்டி. கையில வச்சிருக்கீகள்ல, அதுலயே மைக்கு இருக்கு. உங்க வீட்ல தாளிக்கிறது எங்க எல்லாருக்கும் கேக்குது."

"மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா?"

"கத்திக் கத்திப் பாத்தேன். பெறகு கதை நல்லாப் போச்சா, விட்டுட்டேன். அந்த முக்கா ஏக்கரு என்ன ஆச்சு?"

சேக் பரீத் திரையைப் பார்த்தார். புலி முகமூடி அவருக்கு எதிரே அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அப்போதே மைக்கை அணைத்திருக்கலாம். ஆனால் அவர் வியாபாரி. கெட்டது காதில் விழுந்துவிட்டது, நல்லதும் விழட்டும் என்று கணக்குப் போட்டார். ஓசைப்படாமல் மண்டித் துண்டுச்சீட்டில் ரம்லத்துக்கு வசனம் எழுதி நீட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ரம்லத்து, நம்ம தோட்டத்த நேத்து சரியா அளந்தமே, எத்தன ஏக்கர் வந்துச்சு?"

ரம்லத் கண்ணாடி போட்டிருக்கவில்லை. சீட்டைத் தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டி, ஒன்று விடாமல் வாசித்தாள்.

"சத்தமாகச் சொல்லவும். மூன்று ஏக்கருக்கு மேலேயே வந்தது. சந்தோசமாகச் சிரிக்கவும்."

உசிலம்பட்டியிலிருந்து கேட்ட சிரிப்பு வெகு நேரம் அடங்கவில்லை.

சேக் பரீத் பாய்ந்துபோய் மின்சார ஒயரையே பிடுங்கினார். பதற்றம் தணிந்து, புலியிடம் இரண்டு வார்த்தை மன்னிப்பாவது எழுதலாம் என்று மறுபடி போட்டார். ஆட்டத்தின் நடுவில் அணியைக் கைவிட்டு ஓடியதால் இருபத்துநான்கு மணி நேரத் தடை என்று திரை சொன்னது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கார் வந்தது. அல்தாபும் அவனைப் பெற்ற அத்தாவும் முன்னால் வர, நடுவாளாகப் பேச்சிமுத்து கூடவே வந்தான். கடைசியாக ரஃபியா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்கதவு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரம்லத் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

சேக் பரீத்துக்கு உட்கார முடியவில்லை. நாலு நாள் தன்னைத் தூக்கித் தூக்கி நிறுத்திய பிள்ளை இந்தச் சம்பந்தத்தை உதறிவிட்டுப் போனால் அது முழுக்கத் தன்னால்தான். பலகாரத் தட்டை நீட்டும் சாக்கில் அல்தாபின் காதருகே குனிந்தார்.

"மாப்ள, புலிக்குத்தான் எல்லாம் தெரியுமே. மனசுல வச்சுக்கிறாதீக."

அல்தாப் விழித்தான். "எந்தப் புலி மாமா? மேகமலைப் பக்கம் நடமாட்டம்னு சொல்றாகளே, அதா?"

பெரியவரின் மானத்தைக் காப்பாற்ற எதுவும் தெரியாத மாதிரி நடிக்கிறானே. சேக் பரீத் தட்டைக் கீழே வைத்தார். இப்படிப்பட்டவனிடம் இனியும் பொய் தங்காது. நடு ஹாலில் நின்று சொல்லிவிட்டார்.

"தோட்டம் மூணு ஏக்கர் இல்ல. ரெண்டேகால்தான்."

பேச்சிமுத்து வாயில் வைத்த மிக்சரை மெல்லாமல் நிறுத்தினான். உள்ளே ரம்லத் கண்ணை மூடிக்கொண்டாள். அல்தாபின் அத்தா காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"தெரியும் பாய். நாங்க மட்டும் விசாரிக்காம வருவமா? எங்களுக்குச் சம்மதம். தேதியக் குறிச்சிருவோம்."

யார் விசாரித்தார்கள், எங்கே விசாரித்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, கேட்கும் நிலையில் சேக் பரீத்தும் இல்லை. தேதி குறித்தார்கள். சம்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாகச் சீனி கைமாறியது.

கிளம்பும்போது ரம்லத் கணவனின் முழங்கையை இடித்தாள். "எல்லாம் சரி. மாமியாக்காரி இன்னைக்கும் ஒரு வார்த்த பேசலையே. குணம் எப்படின்னு கடைசி வரைக்கும் தெரியலையே."

ஆண்கள் காரில் ஏறிவிட்டார்கள். ரஃபியா வாசலில் குனிந்து செருப்பு மாட்டினார். நிமிர்ந்தவர் சேக் பரீத்துக்கு மட்டும் கேட்கிற குரலில், முக்காட்டைச் சரிசெய்தபடியே சொன்னார்:

"இந்த வாயில்லாப் பூச்சி சொல்றதயும் கொஞ்சம் கேளுங்கண்ணே. இனிமே அந்தப் பீப்பாய்க்குப் பின்னாடி ஒளியாதீக, அங்கனதான் எல்லாரும் மொதல்ல சுடுவாக."